கல்லுக்கு எதிர்த்தட்டில் அல்லியங்கோதை

“உச்சிச் சோற்றை நிறுத்தச் சொன்னேனா இல்லையா?”

“நிறுத்தினேன் ஐயா, நிறுத்தினதாலேதானே...”

“ஒரு வேளை குறைந்தால் எடையும் குறையும். வாயை மூடு!”

“குறையும், குறையும்! அந்தி விளக்கேற்றினதும் வந்து அந்த இலையைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும், எது குறைஞ்சுதுன்னு!”

அரண்மனை மருத்துவர் இறைவாசனாரும் மடைப்பள்ளித் தலைவி சாத்தியும், மயங்கிக் கிடக்கும் உம் தேவியின் தலைமாட்டில் நின்று இவ்வாறு கத்திக்கொண்டிருக்கையில் இவ்வோலையைத் தொடங்கினோம். முன்னே வர வேண்டிய வாழ்த்து பின்னே வருவதைப் பொறுத்தருள்க.

ஏழு குன்றும் இரண்டு ஆறும் உடைய செங்குவளை நாட்டுக் கோமகன், வேழப்படைக்கு முன் நடக்கும் ஏறனார் பாசறைக்கு, அவரை ஈன்றவளும் அவர் வரும்வரை முத்திரை தாங்குபவளுமாகிய எயினி மாதேவி விடுக்கும் ஓலை. உம் வேல் மழுங்காதிருப்பதாக. உம் குதிரைகள் நோயற்றிருப்பதாக. உமக்கு மூன்று வேளையும் சோறு தவறாது வருவதாக. இக்கடைசி வாழ்த்தை உம் தேவி அல்லியங்கோதைக்குச் சொல்ல எமக்கு வாயில்லை.

நம் குலத்து முதல் தேவியின் எடைக்கல் துலாமண்டபத்தில் இருப்பதும், அறுவடை விழாவில் அதனினும் கனத்த தேவி அரியணை விட்டு வடமாளிகைக்கு ஒதுங்க வேண்டுமென்பதும் நீர் அறிந்தவை. போருக்குப் புறப்பட்ட காலை யானைமேல் இருந்தபடியே, நான் திரும்பும்போது நீயும் கல்லும் சமமாக நிற்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தீர். படையும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அன்றே மருத்துவர் காலைக் கஞ்சியை நிறுத்தினார். பத்து நாள் கழித்து உச்சிச் சோற்றையும் நிறுத்தினார். ஆனால் தேவியின் பெயர் சொல்லி உலையிலிட்டதைப் பிறர் உண்ணலாகாது என்பது நம் மடைப்பள்ளி வழக்கம். ஆகவே காலையில் மறுத்ததும் உச்சியில் மறுத்ததும் மூடிவைக்கப்பட்டு, விளக்கேற்றும் வேளையில் அந்திச் சோற்றோடு சேர்ந்து ஒரே இலையில் குவிந்தன. பகலெல்லாம் சீரகத் தண்ணீரில் கிடந்தவள் உட்கார்ந்து அத்தனையும் உண்டாள். உண்டுவிட்டு அழுதாள் என்று சாத்தி சொன்னாள். விழாவுக்கு முன்னோட்டமாக மருத்துவர் பார்த்த முதல் நிறுவையில் கல்லைவிடப் பத்துப் பலம் எடை கூடியிருந்தாள், அடுத்ததில் இருபது. அதற்கு மருத்துவர் கண்ட மருந்து, அந்திச் சோற்றையும் நிறுத்துவது. இரண்டு நாள் அதுவும் நின்றது. இன்று தட்டில் ஏறியவள், முள் நிலைக்குமுன் சரிந்து விழுந்தாள்.

யாம் அறியாததன்று இது. இருபத்தாறு அறுவடைக்கு அத்தட்டில் ஏறியவள் நான். காலையில் பட்டினி கிடந்து, மாலையில் தூணுக்குப் பின்னால் நின்று வெல்லக்கட்டியை விழுங்கியவள். தப்பினேன், தப்பியதால் வாய் திறக்கவில்லை. என் மௌனத்தைத்தான் இவள் இலையில் குவித்து வைத்திருக்கிறார்கள்.

ஆதலால் முத்திரை தாங்குபவள் ஆணை: இன்று முதல் தேவிக்கு மூன்று வேளையும், வேளை தவறாமல், பசிக்கு அளவாய்ச் சோறிடுக. மிஞ்சியதைப் பசித்தவர் எவரும் உண்க. எடை குறைய வேண்டுமாயின் அவள் வயிறாற உண்டு, சோலையில் நடந்து, மெல்லக் குறையட்டும். மருத்துவர் இறைவாசனார் ஒரு திங்கள் அந்தியில் மட்டும் உண்க. அவர் தொந்தியை யாமே நிறுத்துப் பார்ப்போம்.

கல்லின்மேல் மட்டும் எமக்கு ஆணையில்லை. அது அரசன் வாய்ச்சொல்லால் அன்றி நீங்காது. விழாவுக்குப் பத்தொன்பது நாள் உள்ளது. நீக்குக என்று ஒரு சொல் எழுதி, இதே குதிரையில் திருப்புக. எழுதினால், அக்கல்லை மடைப்பள்ளி வாசலில் படியாகப் பதித்து, சோறு சுமப்போர் மிதித்துச் செல்லச் செய்வோம். எழுத மனமில்லையேல், திரும்பும் நாளில் முதலில் நீரே தட்டில் ஏறுக.

இருவேழ முத்திரை இட்டோம். அரக்கு காயுமுன் அல்லியங்கோதை கண் விழித்தாள். தண்ணீர் கேட்கவில்லை, சோறு கேட்கவில்லை. அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறோம், விடை உம்முடையது.

“எந்தத் தட்டு தாழ்ந்தது, அத்தை?”