படத்தின் மேல் அப்பாவின் துண்டு

உ

வரிச்சிக்குடி,
18-2-1987

அன்பு மகள் அஞ்சுகத்துக்கு அம்மா எழுதுவது. அம்பகரத்தூர் காளியம்மன் புண்ணியத்தில் இங்கே எங்கள் இருவர் உடம்பும் சுகம், பரோடாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். உடம்பு வரைக்கும்தான் சுகம் என்று எழுத வருகிறது, மனசையும் சேர்த்து எழுதக் கை வரவில்லை பாப்பா. அறுப்பு முடிந்து வயலில் உளுந்து நன்றாகத் தழைத்திருக்கிறது. சிவப்பி போன வாரம் கிடேரிக் கன்று போட்டது, தெருவே வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டது, மாடு பெண் போட்டால் மட்டும்தான் இந்த ஊருக்குச் சந்தோஷம் என்று நீ இருந்தால் சொல்லியிருப்பாய். சீம்பால் காய்ச்சினேன். சின்னதில் நீ சட்டியோடு வழித்துத் தின்பதை நினைத்துக்கொண்டேன், எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நீங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து மெட்ராசில் வைத்த ஓவியக் கண்காட்சி அடுத்த மாதம் டெல்லிக்குப் போகிறது என்றும், அப்பா போட்டுவிட்டு வந்த துண்டை எடுக்காமல் அப்படியே உன் படத்தின் மேல் வைத்து அனுப்பப்போவதாகவும், அந்தத் துண்டுதான் இப்போது படத்துக்கு உயிர் என்று எல்லோரும் சொல்வதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கடிதத்தை அவர் கையில் கொடுக்கவில்லை, சுகமாக இருக்கிறாளாம் என்று மட்டும் சொன்னேன். நீ கூப்பிட்டாய் என்று எவ்வளவு ஆசையாக வந்தார் தெரியுமா. மகள் நடத்துகிற விசேஷம் என்று காரைக்காலுக்குப் போய் காஜா மைதீன் கடையில் பச்சைக்கரை போட்ட புதுத் துண்டு எடுத்துவந்தார், ஒரு சீப்பு பழமும் தேங்காயும் வெற்றிலை பாக்கும் தாம்பாளத்தில் வைத்து அந்தப் பெரிய கூடத்துக்குள் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை, வாங்கி ஓரமாக வைத்தாய், அதுவரைக்கும் எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

உங்கள் படங்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு ஒருத்தி அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டுகிற மாதிரி உன் சிநேகிதி ஒரு படம் போட்டிருந்தாளே, அதற்கு முன்னால் நின்று எனக்குக் கண் கலங்கிவிட்டது, என் மாமியார் காலத்தில் நான் அப்படித்தான் சாப்பிட்டேன். மீசை வைத்த ஆளுக்குப் புடவை கட்டி, ஆண் எது பெண் எது என்று கேட்கிற மாதிரி இருந்த படத்தைப் பார்த்து அப்பா, நம்மூரு கூத்துல நம்ம தேசிங்கு பொம்பள வேசம் கட்டுனா இவரவிட லட்சணமால்ல இருப்பான்னு சிரித்தார். அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். அடுத்தது உன் படம். ஆளுயரத்துக்கு ஒரு பெண்ணின் வெறும் முதுகு, இடது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் தீப்பட்ட தழும்பு, பிடரிக்குக் கீழே மச்சம். எல்லாப் பெண்களுக்காகவும் வரைந்தது, அது யாரும் இல்லை என்று இப்போது எழுதுகிறாய். யாரும் இல்லை என்றால் என் மச்சம் அங்கே எதற்கடி வந்தது?

என் முதுகை நான் யாருக்கும் காட்டியதில்லை. பெற்ற தாய் வந்து கேட்டபோதுகூட ரவிக்கையைக் கழற்றவில்லை. தழும்பு இழுத்துப்பிடிக்கும் நாளில் தேங்காய் எண்ணெய் தடவ உன் ஒருத்தி கையைத்தான் விட்டேன், நீயும் குட்டிக் கையால் ஊதி ஊதித் தடவுவாய். அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சுவரில் மாட்டிவிட்டாயே. இரண்டு பையன்கள் கிட்டே போய் விரலால் சுட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு நின்றார்கள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டார். பெண்டாட்டி தெருவில் ஆடை விலகி நின்றால் ஒருவர் என்ன செய்வாரோ அதைத்தான் செய்தார். உடனே கூட்டம் கூடிவிட்டது, பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்து இது உங்க வீட்டுக்காரம்மாவா, இதுக்கு யார் காரணம்னு கேட்டாள், அவர் தலையைக் குனிந்துகொண்டு, நான்தாம்மா, எல்லாம் என்னாலதான் என்று சொல்லிவிட்டார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். சிங்கப்பூர் நைலக்ஸ் புடவை வந்திருக்கிறது என்று காஜா மைதீன் கடையிலிருந்து எனக்கு ஆசை ஆசையாக எடுத்துவந்தது அவர். அதைக் கட்டிக்கொண்டு கொல்லையில் நெல் அவிக்கப்போனது நான். முந்தானையில் தீ பிடித்ததும் வயலிலிருந்து அப்போதுதான் வந்தவர் ஓடிவந்து துண்டால் அடித்தார், துண்டும் எரிந்தது, உருகி முதுகில் ஒட்டிக்கொண்ட புடவையை வெறுங்கையால் பிய்த்தெடுத்தார். அன்றைக்கு மடங்கிய அந்த இரண்டு விரலும் இன்றுவரை நிமிரவில்லை. நூல் புடவை எடுத்திருந்தா இது வந்திருக்காதே என்று இத்தனை வருஷமாகத் தன்னைத்தானே நொந்துகொள்கிற மனுஷன், கேட்டதும் மனசில் கிடந்தது வாயில் வந்துவிட்டது.

நான் குறுக்கே போய், இல்லம்மா, நெல் அவிக்கறப்ப புடவை புடிச்சிக்கிச்சு, காப்பாத்துனதே அவுங்கதாம்மான்னு சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ஒருத்தி என் தோளைத் தடவி, பயப்படாதீங்கம்மா, இங்க அவர் உங்கள ஒண்ணும் பண்ண முடியாதுன்னாள். பெண்களின் குரல் என்று வாசலில் அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தீர்களே, நான் பேசியதை அங்கே ஒருத்தியாவது நம்பினாளா? சரி, அவர்கள் அயலார். நீ சொல்லுவாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவும் உன்னைத்தான் பார்த்தார். நீ யாரோ கூப்பிட்டது போல அந்தப் பக்கம் திரும்பிப் போய்விட்டாய். அதுதான் பாப்பா எனக்கு ஆறவில்லை, மற்றது எல்லாம் ஆறிப்போகும்.

படத்தையும் துண்டையும் பக்கத்தில் நின்ற அப்பாவையும் சேர்த்துப் போட்டோ பிடித்து, கொளுத்திய கணவனே மூடிய துணி என்று பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். காஜா மைதீன்தான் வீடு தேடிக் கொண்டுவந்தார். கோட்டுச்சேரி டீக்கடையில் வெளியூர்க்காரன் ஒருவன் எல்லோர் முன்னாலும், நீதானேய்யா அந்த ஆளு என்று கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து அப்பா கடைத்தெருவுக்குப் போவதில்லை. பெட்டியில் வேறு துண்டு இருக்கிறது, எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார். வெறுந்தோளோடு கொல்லைக்கும் வாசலுக்கும் நடக்கிறார். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, சொன்னாலாவது எனக்குத் தேவலை.

கொளுத்துகிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. செல்லக்கண்ணு மகளைப் புகுந்த வீட்டில் என்ன செய்தார்கள் என்று ஊருக்கே தெரியும், ஸ்டவ் வெடித்தது என்று கதையை முடித்துவிட்டார்கள். அவளுக்காக நீ பத்துப் படம் போடு, நான் வந்து முன்னால் நிற்கிறேன். அவளுடைய தீயைக் கொண்டுவந்து உன் அப்பா தலையில் வைக்காதே. படம் டெல்லிக்குப் போவதற்குள் அந்தத் துண்டை எடுத்துவிடு, நடந்தது இன்னது என்று உன் கைப்பட அந்தப் பத்திரிகைக்கு எழுது. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள், நீ சொன்னால்தான் நம்புவார்கள். துண்டைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நீயே கொண்டுவந்து அவர் தோளில் போடு. வேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயைக் குடித்துக்கொண்டு படம் போடாதே, தலைக்கு எண்ணெய் வை. உன்மேல் கோபத்தோடு இதை முடிக்க என்னால் ஆகவில்லை. நீ நினைத்த காரியம் எல்லாம் கைகூடி, நல்ல பேரோடு நெடுங்காலம் இருக்க வேண்டும் என் கண்ணே.

இதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அங்க குளிரு விட்டுச்சா, போர்வை இருக்கான்னு கேட்டு எழுதுன்னு மட்டும் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் வராதே, கவரில் உன் முகவரி எழுதுவதற்காகப் பேனாவோடு வாசலில் காத்திருக்கிறார். கவரைக் கிழித்துப் போட்டுவிடாதே அஞ்சுகம். என் முதுகை அவ்வளவு அச்சாக வரைந்தாயே, அந்த முகவரியையும் கொஞ்ச நேரம் பார். அதை எழுதியது விரல் மடங்கிய அந்தக் கைதான்.

உன் அம்மா,
கல்யாணசுந்தரி