நாம் இடம் மாற்றிய எல்லைக்கல்

நேற்றிலிருந்து குளத்தங்கரையில் பெயின்ட் வாசனை. நம் கல்லுக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் புதுப் பலகை நட்டிருக்கிறார்கள். 'பிரெஞ்சு எல்லை இவ்விடம்' என்று எழுதி அம்புக்குறி வேறு. படித்ததும் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே சிரித்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் உனக்குக் கால் வீட்டில் தங்காது. என்னை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நெரவிப் பக்கத்து வயல்வெளியெல்லாம் சுற்றுவாய். நீ கணக்கு வாத்தியார், நான் மின்துறை ஆள். வரலாறு நம் இருவருக்கும் பொழுதுபோக்குதான். அப்படிச் சுற்றியபோதுதான் வரப்போரம் அந்தக் கருங்கல் கண்ணில் பட்டது. "இந்தக் காலு பிரெஞ்சுக்காரன் சீமையில, அந்தக் காலு இங்கிலீஷ்காரன் சீமையில மாப்ள" என்று காலை அகட்டி நின்றாய்.

சாலையை அகலப்படுத்த ஜேசிபி வந்ததும் நமக்குப் பதற்றம். அன்றைக்கே கல்லைப் பெயர்த்து லோடு ஆட்டோவில் ஏற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று ஊருக்குள் குளத்தங்கரையில் நட்டோம். எடுத்த இடத்தில் ஓர் அடையாளம்கூட வைக்கவில்லை. பதினைந்து நாள் கழித்துப் போனால் வரப்பே இல்லை, எல்லாம் செம்மண் மேடு. "கல்லக் காப்பாத்திப்புட்டு எடத்தத் தொலைச்சிட்டமேடா" என்றாய். பழைய வரைபடம், செயற்கைக்கோள் படம் என்று செல்போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதே பேச்சு. "யார்கிட்டயும் சொல்லிறாத, நானே கண்டுபுடிச்சிடுறேன்" என்றாய். நானும் வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

நீ போனபின், பழைய இடங்களைக் காட்டும் ஞாயிறு நடைக்கு நான்தான் ஆட்களைக் கூட்டிப் போகிறேன். கல்லருகே வந்ததும் பேச்சை மாற்றிவிடுவேன். ஆனால் பலகையே பொய் சொல்ல ஆரம்பித்த பிறகு என்னால் முடியவில்லை. இன்று காலை கூட்டத்தை நிறுத்திச் சொல்லிவிட்டேன்: "எல்லை இங்க இல்லிங்க. நாங்க ரெண்டு பேரு கல்ல எடம் மாத்திட்டோம்."

குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்தார். "நீங்கதானா அது? நடவுக்குப் போனா அந்தக் கல்லுமேலதான் தூக்குவாளிய வைப்போம். திடீர்னு ஒரு நாளு கல்லக் காணும். எடம் எனக்குத் தெரியும், வாங்க."

ஈரக் கையோடு முன்னால் நடந்தார். புதுச் சாலையைத் தாண்டி, மதகுக்குத் தெற்கே பத்தடி தள்ளி நின்றார். "இங்கதான். அப்பவே கேட்டிருக்கலாமேங்க" என்றார். பிறகு, "கண்ணாடி போட்ட சார் ஒருத்தர் கூட வருவாரே, அவரு வரலிங்களா?" என்று கேட்டார்.

நீ இல்லை என்பதைச் சொன்னேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

எத்தனை ஞாயிறு வயலில் நடவு நட்ட அந்தப் பெண்களைத் தாண்டிப் போயிருக்கிறோம். அவர்கள் உன் கண்ணாடிவரை கவனித்திருக்கிறார்கள். நாம் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ இந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாய். உன் மேலும் என் மேலும் கோபமாக வருகிறது. அந்த அம்மாவின் பெயரைக்கூட இன்றைக்குத்தான் கேட்டேன்.