பெம்பான் கித்தார்க்காரர்

4 நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து மழை. துவைத்த துணி இன்னும் காயவில்லை. பல் கிளினிக்கில் ஆளே இல்லை. மழை என்றால் பல்வலியும் பொறுத்துக்கொள்ளும் போல. முன்மேசையில் உட்கார்ந்தபடியே சாப்பாடு. வழக்கம்போல போனில் கித்தார் வீடியோக்கள்.

இந்த வாரம் பிடித்தவர்கள்: அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் பிரேசில் பெண் (குக்கர் விசில் அடித்தால் சிரித்துவிட்டுத் தொடர்கிறாள்). சரவாக் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ரயில் நிலையத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் ஒருவர், எந்த நாடோ. எல்லோருமே பெரிய வித்தைக்காரர்கள். பார்த்தவர்கள்தான் சொற்பம். எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. காது மட்டும் இருக்கிறது.

இன்று புதிதாக ஒருவர். முகம் இல்லை. இரண்டு கை, ஒரு கித்தார், பின்னால் பச்சைச் சுவர். பார்த்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. சின்ன மெட்டு. தலைப்பும் வைக்கவில்லை. திறமையைக் காட்டும் அவசரமே இல்லாத வாசிப்பு. பக்கத்து அறையில் தூங்கும் யாரையோ எழுப்பிவிடாமல் வாசிப்பது மாதிரி. திரும்பத் திரும்பக் கேட்டேன்.

கீழே தமிழிலேயே எழுதி வைத்தேன்: ‘ரொம்ப நல்லா இருக்கு. இது என்ன பாட்டு?’

6 நவம்பர், வியாழன்

பதில்! தமிழில்! ‘பாட்டு இல்லீங்க. வீட்ல கேட்டது. நன்றி.’

எந்த ஊர் என்று கேட்டேன். எங்கள் ஊர் தங்கா பத்து என்றும் சொன்னேன்.

‘பக்கம்தான். பெம்பான்.’

பிரேசில் வரை தேடிப் போனால் ஆள் இருப்பது இங்கேயே, ஜாசின் பக்கத்துப் பெம்பானில். ஒரு மணி நேரம்கூட ஆகாது. கிளினிக்கில் கூட வேலை பார்க்கும் ஃபரிதா அக்காவிடம் காட்டினேன். இவரை ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று புலம்பினேன்.

“தெரிஞ்சா உனக்கென்ன, கமிஷனா? வாசிக்கிறாரு, நீ கேக்குற. போதும் லா.”

சரிதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் இருப்பதும் தோற்றுப்போவதும் ஒன்றா? அந்தக் கையைப் பார்த்தால் தோற்ற கை மாதிரி இல்லை.

வாங்க வேண்டியது: சோப்பு, தீப்பெட்டி, குழாய்க்கு வாஷர்.

9 நவம்பர், ஞாயிறு

எங்கிருந்து எழுதுவது.

ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போனில் அந்தப் பெம்பான் மெட்டு. சமையலறையில் என் வீட்டுக்காரர் சரவணன், குழாய் ரிப்பேர். ஸ்பேனர் சத்தம் நின்றது. ஈரக் கையோடு வந்து நின்றார். மெட்டை முடியும்வரை கேட்டார்.

“இத எங்க புடிச்ச?”

சொன்னேன். ச. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இது எங்கம்மா மெட்டு. துணி மடிக்கிறப்ப, அரிசி களையிறப்ப முணுமுணுப்பாங்க. சினிமாப் பாட்டு இல்ல. அவங்களாப் போட்டது. எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்.”

அவன் என்றால் அண்ணன், குமரேசன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் எனக்குச் சொல்லப்பட்டது ஒரே வரி: ‘அண்ணன் ஒருத்தர் இருக்கார், பேச்சு இல்ல.’ மாமியாரை நான் பார்த்ததில்லை. நான் வரும் முன்பே போய்விட்டார். மீதியை இன்றுதான் கேட்டேன். பயணிகள் கப்பலில் பேண்ட் வாசிக்கிற வேலை அண்ணனுக்கு. அம்மா இறந்தபோது வரவில்லை. பாடையைத் தூக்க அக்கம்பக்கத்து ஆட்கள்தான். அன்றோடு ச. போன் நம்பரையே மாற்றிவிட்டார்.

“பெம்பான்லயா இருக்கான்? இவ்ளோ பக்கத்துலயா?” இரண்டு தடவை கேட்டார். எனக்கென்ன தெரியும்.

குழாய் இன்னும் சொட்டுகிறது.

12 நவம்பர், புதன்

அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்த ச., வண்டியை விட்டு இறங்கவில்லை. மழை என்று குடையோடு போனேன். கண்ணாடி ஏற்றியபடி உள்ளே, காதருகே போன்; பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். தோசை ஆறிப்போனது.

நான் கண்டுபிடித்த ஆள் என்று ஒரு பெருமை இருந்தது. கொஞ்சம் அல்பப் பெருமைதான். இப்போது அது என்னுடையது இல்லை. அந்த வீடியோவைத் தொடவே கூச்சமாக இருக்கிறது, அடுத்தவர் அலமாரியைத் திறப்பது போல.

“போய்ப் பாக்கலாமா?” என்றேன்.

“பாத்து?”

சாப்பிட்டுக் கை கழுவும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு: “சனிக்கெழம எனக்கு லீவு.”

பெம்பான்காரருக்குத் தனியாக எழுதிவிட்டேன்: ‘நான் சரவணனோட மனைவி மல்லிகா. சனிக்கிழமை வரலாமா?’ ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு விலாசம் மட்டும். அதன் கீழே: ‘மழை பேஞ்சா ரோட்ல தண்ணி நிக்கும். மெதுவா வாங்க.’

15 நவம்பர், சனி

மழை இல்லை. வெயில் கொளுத்தியது. வழியில் ரேடியோவைப் போட்டேன், ச. அணைத்தார்.

செம்பனைத் தோட்டம் தாண்டிக் கடைசி வீடு. வாசலில் பழைய ஏர்கான் பெட்டிகள் குவியல். இப்போது அந்த ரிப்பேர் வேலைதானாம். உள்ளே அதே பச்சைச் சுவர். ஒல்லியான ஆள். ச.வின் மூக்கு அப்படியே.

“வாங்க” என்றார். ச. தலையைக்கூட ஆட்டவில்லை. அண்ணன் பால் சேர்க்காத தே ஓ போட்டுக் கொண்டுவந்தார். எனக்குச் சீனி எவ்வளவு என்று கேட்டார். ச.விடம் கேட்கவில்லை, சீனி போடாமல் வைத்தார். ச. அப்படித்தான் குடிப்பார்.

ரோடு, மழை, செம்பனை விலை என்று பேச்சு. பிறகு திடீரென்று ச.: “ஏன் வரல?”

“நடுக்கடல்ல இருந்தேன். சேதி கெடச்சு, கப்பல் கரைக்கு வந்து, நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். முடிஞ்சா என்ன. வந்திருக்கணும். பயமா இருந்துச்சு, வரல.”

“யாருக்குப் பயந்து?”

“உனக்குத்தான்.”

ச. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷக் கோபத்துக்கு ஈடான பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருப்பார். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை போல.

நான் என்னமோ கேட்டு வைத்தேன்: “ஏன் மாமா வீடியோல மொகத்தக் காட்டுறதில்ல?”

“மொகம் தெரிஞ்சா இவன் கேக்காமப் போயிருவான்ல மா.”

வெளியே ஏதோ லாரி போன சத்தம். ச. தொண்டையைச் செருமினார்.

“ரெண்டாவது வரி தப்பு.”

“என்ன தப்பு?”

“அம்மா அங்க கீழ எறக்குவாங்க. நீங்க மேல ஏத்துறீங்க.”

“ஏத்துவாங்க லா. பெரியவன் நான், எனக்குத் தெரியாதா?”

“கடைசி வரைக்கும் கூட இருந்தது நான்.”

அண்ணன் கித்தாரை எடுத்தார். இறக்கி வாசித்தார். திரும்பவும் வாசித்தார். “இப்படியா?” ச. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

கிளம்பும்போது, வண்டிக்குப் பக்கத்தில்:

“அந்த வீடியோவ எடுத்துருங்க. அது அம்மாவோடது. ஊருக்கு எதுக்கு?”

“எடுத்துட்டா நீ எப்படிக் கேப்ப?”

ச. கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். பெல்ட் போட்டார். கண்ணாடியை இறக்கினார்.

“அடுத்த ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க.”

23 நவம்பர், ஞாயிறு

விடிந்ததும் தேடினேன். வீடியோ இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. நியாயம்தான். இருந்தாலும் ஒரு வெறுமை. நான் கேட்டதிலேயே நல்லது அது; இனி ஃபரிதா அக்காவுக்குக்கூடப் போட்டுக் காட்ட முடியாது. எங்கேயோ முகம் தெரியாத ஒருவர் இன்று அதைத் தேடி ஏமாந்திருக்கலாம். அவரிடம் என்னவென்று சொல்வது?

ச. இருட்டு விலகும் முன்பே பசாருக்குப் போய்த் திருக்கை மீன் வாங்கி வந்தார். அசாம் பெடாஸ் குழம்பு வைக்க வேண்டுமாம். புளி தூக்கலாக. எதற்கென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெண்டைக்காய் போதவில்லை. கூடத்தை இரண்டு தடவை கூட்டினார். அம்மா படத்தைத் துடைத்தார்.

குழம்பு கொதிக்கும் நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். ச. அடுப்படிக்கு வந்து என் பின்னால் நின்றார்.

“போய்க் கேட்டத் தொற.”

“உங்க அண்ணன். நீங்க போங்க.”

நின்றார். கையைத் துண்டில் துடைத்தார், ஈரமே இல்லாத கையை. போனார்.