விசிறி நின்றுபோன மெஷின்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீங்களும் அப்படித்தானே என்று வழக்கம்போல ஒரு வரி எழுதிவிட்டுப் போக முடியவில்லை, பேனா அங்கேயே நிற்கிறது. குழந்தை மாதத்துக்கேற்ற வளர்த்தி இல்லையாம், நஞ்சுக்கொடி வழியாகச் சத்து சரியாகப் போகவில்லையாம், நீ போனில் சொன்னதை அம்மா சொன்னாள். வேலையிலிருந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு ஹேச்சரியிலும் போதாத நேரம். மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள் இருந்த பெரிய மெஷினில் விசிறி மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டு அட்டைப்பெட்டி மூடியால் வீசினோம், கணக்கர்கூட ஓடிவந்து தொப்பை குலுங்க வீசினார். ஹீட்டர்தான் ஆஃப்ல இருக்கே, எங்கேருந்துய்யா இவ்வளவு சூடு வருதுன்னு கேட்டார். குஞ்சுங்ககிட்டேருந்துதான் சார் என்றேன். ஆரம்பத்தில் முட்டைக்கு நாம்தான் சூடு கொடுக்க வேண்டும். உள்ளே உடம்பு வளர வளர, மஞ்சள் கருவின் கொழுப்பை எரித்து எரித்து அதுவே தனக்கு அடுப்பாகிவிடும். காற்று ஓடும்வரை ஒன்றுமில்லை, நின்றால் தன் சூட்டிலேயே வெந்துபோகும். ஒன்றை எடுத்துக் காதில் வைத்தேன், உள்ளே தட்டுகிறது. உடைத்து எடுக்கவும் முடியாது, நேரம் ஆகாத குஞ்சு வெளியே பிழைக்காது. திரும்ப வைத்துவிட்டு வீசினேன். மோட்டார் மாற்றுவதற்குள் மேல்தட்டு முட்டைகளில் தட்டல் அடங்கிவிட்டது. முதலாளி வந்து பார்த்து, விடுங்க, உங்க கையில என்ன இருக்குன்னார். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள். மறுநாள் கீழ்த்தட்டுகளில் இருந்தவை பொரிந்தன, எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை.

முட்டைக்கு வேண்டிய சத்தெல்லாம் ஓட்டுக்குள்ளேயே இருக்கும், சூட்டையும் காற்றையும் பார்த்துக்கொண்டால் போதும். உன் குழந்தைக்கு ஒவ்வொரு சொட்டும் உன் ரத்தத்திலிருந்து போயாக வேண்டும், நடுவில் எங்கே தடைப்படுகிறதோ. விசாவுக்கு மறுபடியும் போய்க் கேட்டேன், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் வரும் சார், வெயிட் பண்ணுங்கன்னு சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். அம்மா பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்திருக்கிறாள், நான் அதில் இடித்துக்கொண்டு நடக்கிறேன். ஒருக்களித்துப் படு, சாப்பாடு இறங்காவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, பாத்திரத்தையெல்லாம் மாப்பிள்ளையைக் கழுவச் சொல். இதையெல்லாம் டாக்டரே சொல்லியிருப்பார் என்று தெரியும், எனக்கு வேறு எழுதத் தெரியவில்லை.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து நூறு வயசு இருக்க வேண்டும். அடுத்த ஸ்கேன் முடிந்ததும் மறக்காமல் போன் பண்ணு. எந்தச் சேதியாக இருந்தாலும் என்னிடமும் சொல், அப்பா தாங்கமாட்டார் என்று அம்மாவோடு நிறுத்திவிடாதே.

உன் அப்பா