துணி ஒட்டிய சோப்புப் பெட்டி

1967, ஆனி கடைசி. புதன், இரவு.

மூத்த மகள் மல்லிகாவை ஆடிக்கு அழைத்துவரக் காரியாபட்டிக்குப் போனேன். சம்பந்தி வீட்டில் அனுப்பவில்லை. தனியாகத்தான் பஸ் ஏறி வந்தேன்.

எல்லாம் அந்த அட்டைப்பெட்டியால். கல்யாணத்துக்குத் தகரப்பெட்டி வாங்கும் காசு மிச்சமாகட்டும் என்று, கடையில் சும்மா கிடைத்த சோப்புப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக் கொடுத்தோம். தறியில் மிஞ்சிய துணியை அதன்மேல் இவர்தான் ஒட்டினார். பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியால் ஒட்டினார். நெசவுக்காரருக்கு வேறு பசை தோன்றுமா? பார்த்தவர்கள் எல்லாம் அழகு என்றார்கள். கரையானுக்கும் பிடித்துவிட்டது.

"கல்யாணச் சேலை அம்புட்டும் போச்சு. பக்கத்துல இருந்த எம் மகன் வேட்டியும் போச்சு. ஒரு தகரப்பெட்டிக்கு வக்கில்லாமயா பொண்ணு குடுத்தீக? பெட்டியோட வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார் சம்பந்தியம்மா.

மல்லிகா வாசல்வரை வந்தாள். மாமியாரின் பழைய சேலையைக் கட்டியிருந்தாள்.

"அய்யாகிட்ட சொல்லிராதம்மா. ஆசையா ஒட்டுனாக."

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர், "புள்ள எங்க?" என்றார்.

"அவ மாமியாருக்கு மேலுக்கு முடியலையாம். பெறகு வருவா."

பிறகு, "பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அப்படியே இருக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் இன்னொரு சோப்புப் பெட்டியைத் தூக்கிவந்தார். சின்னவளுக்காம். இப்போதிருந்தே துணி ஒட்டி வைக்கப் போகிறாராம்.

அதன்மேல் நோட்டை வைத்துத்தான் எழுதுகிறேன். காலையில் நான் கஞ்சி காய்ச்ச வேண்டுமாம்.