பாமியின் எட்டு நொடி

வாண்டோ தீவு,
பிப்ரவரி 11

அன்பு மகள் நாரேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, பத்து மணிக்கு மேல் சமாதானமாகிவிடும். அந்த வின்னிபெக் குளிரில் நீயும் மாப்பிள்ளை கிபோமும், பிறந்து பதினெட்டு நாளே ஆன நம் பாமியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் போதும், எங்களுக்கு வேறெதுவும் வேண்டாம். தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் அம்மாவும் அழுகிறாள், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கடற்பாசிப் பொட்டலத்தோடு விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். இந்த வருஷம் கடல் நல்ல குளிர்ச்சி, பாசி தடிப்பாக வந்திருக்கிறது. என் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாட்டுக்குப் பயந்து மேசைக்கடியில் ஒளிவானே மான்சு, அவன் படகில் வந்த சரக்குதான். “சார், அக்காவை ஒரு கைப்பிடிக்கு மேல ஊறப்போட வேணாம்னு சொல்லுங்க, ஊறினா பத்து மடங்கா பெருத்துடும், அப்புறம் குளியல் தொட்டியிலதான் சூப்பு வைக்கணும்” என்று சிரிக்கிறான். பிள்ளை பெற்றவளுக்கு இதைவிட வேறு மருந்து கிடையாது, மூன்று வேளையும் குடி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தூக்கத்தில் பாமியின் மூச்சு ஐந்து நொடி, சில சமயம் எட்டு நொடி நின்றுபோகிறது, பிறகு ஓடி வந்த நாய்க்குட்டி மாதிரி வேகமாக நாலைந்து மூச்சு வாங்குகிறான், அப்புறம் ஒழுங்காகிவிடுகிறது என்றாய். அதை வீடியோ எடுத்து மருத்துவரிடமும் காட்டினாய். அவர் குழந்தையை நன்றாகச் சோதித்து, நிறைமாதப் பிள்ளை, எடை ஏறுகிறது, நிறம் மாறவில்லை, புதிதாய்ப் பிறந்த பல குழந்தைகள் இப்படித்தான் மூச்சு விடும், சில மாதத்தில் தானே சரியாகும் என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. “எம்புள்ளைக்கு மூச்சு நிக்குதுங்கிறேன், அந்தாளு பல்லைக் காட்டுறாருப்பா” என்று என்னிடம் பொரிந்தாய். நாரே, முதல் வகுப்புப் பிள்ளை வாய்விட்டுப் படிப்பதை நீ கேட்டிருக்கிறாய் அல்லவா? இரண்டு சொல் படிக்கும், நின்றுவிடும், வகுப்பே அதன் முகத்தைப் பார்க்கும், பிறகு மூன்று சொல்லை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். அது நிற்பது படிக்க வராததால் அல்ல, இப்போதுதான் பழகுகிறது என்பதால். முப்பத்தாறு வருஷம் அந்த நிறுத்தங்களைக் கேட்டவன் நான். பாமியின் மூச்சை நடத்தும் மூளையும் இன்னும் முதல் வகுப்பில்தான் இருக்கிறது. நிற்கும்போதெல்லாம் அவனை எழுப்பாதே. என்ன பதற்றம் வந்தாலும் உலுக்கவே கூடாது. மனம் கேட்கவில்லை என்றால் உள்ளங்காலை விரலால் மெல்லத் தொடு, அதற்கு மேல் வேண்டாம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீயும் இப்படித்தான் மூச்சை நிறுத்தினாய். நீ பிறந்த பன்னிரண்டாம் நாள், நடு மதியம். வாசலில் கரித்துண்டும் பைன் தழையும் செருகி நானே முறுக்கிய வைக்கோல் கயிறு தொங்குகிறது, இருபத்தொரு நாள் வெளியார் யாரும் அதைத் தாண்டி வரக்கூடாது. உன் அம்மா “ஐயோ, பாப்பாவுக்கு மூச்சில்ல” என்று அலறினாள். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடிச் சுகாதார நிலையத்துச் செவிலி ஓக்புன் அக்காவை இழுத்து வந்தேன். வாசல் வரை வந்தவர் கயிற்றைக் கண்டதும் நின்றுவிட்டார். “முந்தாநாள்தான் சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தேன் வாத்தியாரே, நான் இதைத் தாண்ட மாட்டேன்” என்றார். உள்ளேயிருந்து உன் அம்மாவும் அவங்களை உள்ளே விடாதீங்க, பிள்ளைக்குத் தீட்டுப் பட்டுடும் என்று கத்துகிறாள். நான் நடுவில் நின்று அழாத குறை. ஓக்புன் அக்கா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “உதடு நீலமாச்சா? கைகால் தொளதொளன்னு கிடக்கா? இல்லைல்ல? அப்ப எண்ணிச் சொல்லுங்க. இருபது வந்துச்சுன்னா கயிறை நானே அறுத்துட்டு உள்ள வருவேன், தீட்டாவது மண்ணாவது” என்றார். நான் ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருந்த நிறுத்துக் கடிகாரத்தோடு அறை வாசலில் நின்றேன். அம்மா உள்ளிருந்து “நின்னுடுச்சு” என்பாள், “விட்டுட்டா” என்பாள், நான் முற்றம் தாண்டி “ஏழு!” என்று கூவுவேன், கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் குறித்துக்கொள்வார். ஆறு, எட்டு, ஐந்து, எட்டு. அரை மணி நேரத்தில் ஒருமுறைகூடப் பத்தை எட்டவில்லை. கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டார்.

போகிற நேரத்தில், தரை எவ்வளவு சூடு என்று கேட்டார். பிள்ளை பெற்ற உடம்பில் காற்று ஏறினால் கிழவியாகும்வரை எலும்பு வலிக்கும் என்று அறைத் தரையைச் சூடாக்கும் அடியடுப்பில் நான் நிலக்கரியை இரட்டிப்பாகப் போட்டிருந்தேன், தரையில் ஒட்டிய தாள்கூடக் கருகியிருந்தது. நான் பெருமையாகச் சொல்ல, அவர் “புள்ளையப் பெத்தீங்களா, மீன் பொரிக்கிறீங்களா? பிடரியில கை வெச்சுப் பாருங்க” என்றார். உன் பிடரி நனைந்திருந்தது. உன்னை அம்மாவோடு அடுப்புப் பக்கமே இரண்டு பஞ்சுப் போர்வைக்குள் கிடத்தியிருந்தோம். தாய்க்குத்தான் சூடு வேண்டும், பிள்ளைக்கு அளவோடு போதும், அதை அறையின் அந்தக் கோடிக்கு நகர்த்துங்கள் என்றார். பள்ளியில் எத்தனையோ பாடம் நடத்தியவனுக்கு ஒரே அறையில் இரண்டு பேருக்கு இரண்டு சூடு வேண்டும் என்பது தெரியவில்லை. சூட்டில் வெந்துகொண்டிருக்கும் பச்சைப்பிள்ளைக்கு மெய்யாகவே ஆபத்து உண்டு என்று அவர் சொன்னதும் உன்னைத் தூக்கி அந்தக் கோடியில் கிடத்தினேன்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், அதே தப்பை உன் அம்மாவும் நானும் தொலைபேசியில் உன்னைச் செய்ய வைத்திருக்கிறோம். அறையை இருபத்தெட்டு டிகிரியில் வை, கம்பளித் தொப்பி போடு, கனமாகச் சுற்று என்று சொன்னது நாங்கள்தான். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு அம்மா, “எழுதுங்க எழுதுங்க, எல்லாத்தையும் என் தலையில போட்டே எழுதுங்க” என்கிறாள். ஆனாலும் நேற்று அவளேதான் உன்னைக் கூப்பிட்டு இருபத்தொன்றுக்கு இறக்கச் சொன்னாள். அதுதான் சரி. வீட்டுக்குள் தொப்பி வேண்டாம். தனித் தொட்டிலில், மல்லாக்கப் படுக்க வை, பக்கத்தில் தலையணை, பொம்மை எதுவும் கூடாது. உனக்குக் குளிர்ந்தால் நீ சட்டைமேல் சட்டை போட்டுக்கொள். மூச்சு இருபது நொடி நின்றாலோ, உதடு நீலமோ சாம்பலோ ஆனாலோ, உடம்பு துவண்டாலோ, மூச்சுக்குத் திணறினாலோ யாரையும் கேட்காதே, எங்களையும் கேட்காதே, உடனே அவசர ஊர்தியைக் கூப்பிடு. அந்த எண்ணை மாப்பிள்ளை கதவில் ஒட்டியிருக்கிறாராம், நல்ல காரியம்.

அவர்மேல் கோபப்படாதே, அவர் என்னிடம் கோள் சொல்லிவிட்டார். ஆறு நாளாக நீ சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்கவில்லையாம். செவ்வாய்க்கிழமை பாமியை மார்பில் போட்டபடி சோபாவில் உட்கார்ந்தே தூங்கிவிட்டாயாம், பிள்ளை மெத்தை இடுக்கில் சரியும்போது அவர் பிடித்தாராம். பாமியின் எட்டு நொடியை நினைத்து எனக்குப் பயமில்லை, நாரே, அந்த சோபாவை நினைத்தால்தான் பயம். பிள்ளையை அவரிடம் கொடு என்றால், “அவரு தூங்குமூஞ்சிப்பா, எண்ணவே மாட்டாரு” என்கிறாய். எண்ண வேண்டாம் என்றுதானே மருத்துவரும் சொல்கிறார். பாமி மூச்சு விடுவது நீ பார்த்துக்கொண்டிருப்பதால் அல்ல, அவனாகவேதான் விடுகிறான். பால் கொடுத்ததும் தொட்டிலையும் பொறுப்பையும் மாப்பிள்ளையிடம் விட்டு, வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணி நேரம் தூங்கு. தினமும். முதல் நாள் தூக்கம் வராது, கண்ணை மூடிக்கொண்டு கிட, இரண்டாம் நாள் வரும்.

முப்பத்திரண்டு வயதானாலும் எங்களுக்குப் பிள்ளை நீதான். அங்கே நீ உன் பிள்ளையைப் பார்த்து விழித்திருக்கிறாய், இங்கே நாங்கள் எங்கள் பிள்ளையை நினைத்து விழித்திருக்கிறோம். அம்மா கடிகாரத்தைப் பார்த்து அங்கே இப்போது மணி என்ன, நாரே படுத்திருப்பாளா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ தூங்கினால் இரண்டு வீடும் தூங்கும்.

நீயும் மாப்பிள்ளையும் பாமியும் நோய்நொடி இல்லாமல் நூறு நாள் விருந்தும் முதல் பிறந்தநாளும் கண்டு நெடுங்காலம் வாழ அம்மாவும் நானும் மனமார ஆசீர்வதிக்கிறோம். ஒரு மாதப் பரிசோதனைக்கு மறக்காமல் கூட்டிப் போ. பதில் எழுதப் பேனாவை எடுக்காதே. முதலில் போய்ப் படு.

உன்னை நினைத்தபடி,
அப்பா