ஜம்பு பெயரில் போட்ட ஒற்றை நட்சத்திரம்

மயூர் விஹார், டெல்லி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு, அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம், அங்கே கோயம்புத்தூரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று பகவானை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் திடீரென்று காகிதத்தை எடுத்தார் என்று உனக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் வீட்டு சமாசாரத்தை எழுதிவிடுகிறேன், காரணத்தை எழுதின பிறகு இதையெல்லாம் எழுத எனக்கு முகம் இருக்காது.

தீபாவளி முடிந்ததிலிருந்து வழக்கம்போல ஊர் முழுக்கப் புகை, எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரியவில்லை, காலை வாக்கிங்கை நிறுத்திவிட்டேன். நீ அனுப்பின காற்றுச் சுத்தம் செய்யும் மெஷின் ஹாலில் ஓடுகிறது, அம்மா அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கீரை ஆய்கிறாள். வேலைக்கு வரும் சுனிதா ஊருக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை, அம்மா பாத்திரம் தேய்க்க நான் துடைத்து அடுக்குகிறேன். லிஃப்ட் மறுபடியும் ரிப்பேர், செக்ரட்டரியைக் கேட்டால் ஹோ ஜாயேகா அங்கிள், ஆகிவிடும் என்கிறார், அம்மாவின் முழங்காலுக்கு மாடிப்படி ஆகவில்லை. எண்ணெய் தடவிக்கொண்டு சமாளிக்கிறாள், கவலைப்படாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ குர்காவ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு கோயம்புத்தூருக்குப் போய் ஆன்லைனில் மெத்தை விற்கப் போகிறேன் என்று சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை, நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அது சம்மதம் இல்லை ஸ்ம்ருதி. யாராவது பொண்ணு என்ன பண்றா என்று கேட்டால் தெற்கே ஏதோ கன்ஸல்டன்ஸி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கோயிலில் சொன்னேன், பென்ஷன் ஆபீஸில் சொன்னேன், உன் சித்தப்பாவிடம்கூட அப்படித்தான் சொன்னேன். மெத்தை என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. நீ சூலூர் பக்கத்தில் ஷெட் பிடித்து, ரப்பர் பால் வாங்க ஆள் தேடி, தைக்கிறவர்களைச் சேர்த்து, முதல் மெத்தையைப் படம் பிடித்து அனுப்பினபோது நான் நன்னாயிருக்கு என்று ஒரு வார்த்தை அடித்து அனுப்பிவிட்டு அந்தப் படத்தைப் போனிலிருந்து அழித்தேன், யார் கண்ணிலாவது பட்டுவிடப் போகிறதே என்று.

கீழ்வீட்டு ஜம்பு மாமா உன்னிடம் மெத்தை வாங்கினாரே, அது அவராக வாங்கினது இல்லை. என் போனில் அவர் பெயரைப் போட்டு நான்தான் வாங்கினேன். பொண்ணுக்குத் தெரியாமல் அவள் சாமான் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன், அதுவும் அப்போது பாதி உண்மைதான். பெரிய பாயைச் சுருட்டின மாதிரி டப்பாவில் வந்தது, மேலுறையைக் கத்தரித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு எழும்பினதைப் பார்த்து ஜம்பு குழந்தை மாதிரி கைதட்டினார். நீ உன் வெப்சைட்டில் மெத்தையின் தரம் பார்ப்பது எப்படி என்று எழுதியிருக்கிறாயே, அதை ஒவ்வொரு வரியாகப் படித்து அதன்படியே செய்தோம். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தோம், குழி உடனே மேலே வந்துவிட்டது. ஓரத்தில் உட்கார்ந்தேன், சரியவில்லை. ஜம்புவை ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன், இடைவெளி இல்லை. ஜிப்பைத் திறந்து உள்ளே ஒரே பாளமா, துண்டு துண்டாக ஒட்டினதா என்று பார்த்தேன், ஒரே பாளம். மூக்கை வைத்து முகர்ந்தேன், கெட்ட நெடி ஒன்றும் இல்லை. உறைக்குள் சரிபார்த்தவர் வீராயி என்று சின்னதாக ஒரு துணிச்சீட்டு தைத்திருந்தது. என் சர்வீஸ் முழுவதும் ஆடிட்டில் உட்கார்ந்து கவர்ன்மெண்ட் வாங்கின நாற்காலியிலும் கம்பளியிலும் குறை கண்டுபிடித்தவன் நான், அந்த மெத்தையில் எனக்கு எழுத ஒன்றும் அகப்படவில்லை. ஜம்புவுக்கு முதுகு வலி குறைந்துவிட்டது. இதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் ஜனக்புரியில் மீனாக்ஷி பெண்ணுக்கு சீமந்தம் என்று போயிருந்தேன், அம்மாவுக்கு முழங்கால் என்று வரவில்லை. அங்கே பாலசுப்ரமணியம் என்று பேங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர், அவர் பிள்ளைக்கு உன் ஜாதகத்தை யாரோ கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சத்தமாக, "உங்காத்துப் பொண்ணு மெத்தை விக்கறாளாமே, வீடு வீடா வந்து போட்டும் காட்டுவாளோ" என்று கேட்டார். பந்தியில் சிரித்தார்கள். நான் இலையை விட்டு எழுந்து போயிருக்க வேண்டும், இல்லை ஒரு பதிலாவது சொல்லியிருக்க வேண்டும். நானும் சிரித்தேன் ஸ்ம்ருதி. அவர்களோடு சேர்ந்து, அவர்களைவிட ஒரு படி சத்தமாகவே சிரித்தேன்.

திரும்பி மெட்ரோவில் வரும்போது எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, உன் மேல்தான் வந்தது. நாலு பேர் மோசம் என்று எழுதினால் வியாபாரம் படுத்துவிடும், நீ பழையபடி ஒரு ஆபீஸில் போய் உட்காருவாய் என்று புத்தி போயிற்று. போனில் உன் வெப்சைட்டைத் திறந்தேன். நீ எதை எதைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தாயோ அதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ஓரம் சரிகிறது, நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது, உள்ளே ஒட்டு இருக்கிறது, நெடி தாங்கவில்லை என்று ஆடிட் பாரா மாதிரி கோர்த்து எழுதி, ஜம்புநாதன், டெல்லி என்று பெயர் போட்டு, ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து அனுப்பினேன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வருவதற்குள் முடித்துவிட்டேன், என் இங்கிலீஷைப் பற்றி உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது என்றால் நீ நம்ப வேண்டும்.

யாரோ முகம் தெரியாத வாடிக்கையாளர் என்று நீ விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். ஆனால் ஜம்பு மாமா பெயரைப் பார்த்ததும் நீ அவருக்கே போன் செய்து மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அவர் ஒன்றும் புரியாமல் உம் உம் என்று கேட்டுவிட்டு, லிஃப்ட் இல்லாத மாடியை ஏறி மூச்சிரைக்க என்னிடம் வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை, திரும்பிப் போய்விட்டார். மறுநாள் நீ எனக்குப் போன் செய்தாய், உனக்கு ஞாபகம் இருக்கும். "அப்பா, நீங்க கீழ போய்ப் பாத்துச் சொல்லுங்கோ, நீங்க சொன்னா அது ஃபைனல்" என்றாய். நானே செய்த பொய்யைப் போய்ப் பார்த்துச் சொல்ல என்னையே அனுப்பினாய். போனேன். ஜம்பு கதவைத் திறந்துவிட்டுக் கதவோரமாகவே நின்றார், நான் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தேன், ஓரம் கொஞ்சமும் சரியவில்லை. அந்த நிமிஷம் சொல்லியிருந்தால்கூட எல்லாம் சரியாகியிருக்கும். மாடிப்படிக்கு வந்து உனக்குப் போன் போட்டு, "ஓரம் கொஞ்சம் அமுங்கத்தான் அமுங்கறதும்மா" என்றேன். நீ சரிப்பா, தேங்க்ஸ்பா என்று வைத்துவிட்டாய்.

என் வார்த்தையை நம்பி நீ சரக்கு அனுப்புவதை நிறுத்தினதும், மெத்தை வாங்கினவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்ததும் எனக்குத் தெரியாது, நீ சொல்லவில்லை. போன வாரம் அம்மாவிடம் நீ சொன்னதாக அவள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். அந்த வீராயியைச் சரிபார்க்கிற இடத்திலிருந்து எடுத்து உறை தைக்கிற இடத்தில் போட்டாயாம், ஷெட் காலியாக இருந்தபோதே உன்னோடு முதல் ஆளாக வந்து சேர்ந்தவளாம். அவள் சண்டை ஒன்றும் போடவில்லையாம். "நான் அமுத்திப் பாத்தனுங்க, நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனவள் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லையாம். அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள், பாவம் அவளுக்கு என்ன கஷ்டமோ என்றாள். எனக்குக் கையில் எடுத்த சாதம் வாய்க்குப் போகவில்லை. அந்தப் பெயரை நான் துணிச்சீட்டில் படித்திருக்கிறேன், மெத்தையை மூடும்போது என் கையாலேயே அதை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்திருக்கிறேன். நான் உன் வியாபாரத்தைக் கெடுக்கப்போய், என்னை யாரென்றே தெரியாத ஒருத்தி வேலையில் பொய் சொன்னவளாகிவிட்டாள்.

அன்றைக்கே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பொண்ணைப் பத்தி வெக்கப்படறேள்னு நேக்குத் தெரியும், இவ்வளவு வெக்கப்பட்டேள்னு தெரியாது" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேச்சு இல்லை. சமைக்கிறாள், மேஜையில் வைக்கிறாள், கூப்பிடுவதில்லை. உனக்குப் போன் செய்து சொல்லிவிடலாம் என்று எடுத்தபோது ஜம்புதான் தடுத்தார், போனில் உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் எதையாவது மழுப்பிவிடுவேன், உட்கார்ந்து எழுது, எழுதினால்தான் ஓடமுடியாது என்றார். அவர் சொன்னது சரி. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு, உன் வியாபாரப் பார்ட்னர் மதனுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கிறாய். அவரிடம் இதைச் சொல்லலாமா என்பதை நீ முடிவு செய்து கொள்.

நான் எழுதினதை அழித்துவிடலாம் என்று பார்த்தேன், அழித்தால் நடந்ததை மறைக்கிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவைத்திருக்கிறேன். அதன் கீழேயே என் சொந்தப் பெயரில், இது பொய், மெத்தை நல்ல மெத்தை என்று எழுதலாம் என்றால், பெண்ணின் சாமானை அப்பா புகழ்கிறார் என்று படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். கெடுக்க முடிந்தது, சரி செய்ய என்னால் முடியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல், செய்கிறேன். ஒரு விஷயம் மட்டும் தகப்பனாக இல்லாமல் பழைய ஆடிட் ஆளாகச் சொல்கிறேன், இனிமேல் யார் குறை சொன்னாலும், நானே சொன்னாலும், அந்த மெத்தையைத் திருப்பி வரவழைத்து உன் கையால் அழுத்திப் பார்க்காமல் யாரையும் எதுவும் சொல்லாதே.

வீராயியை உடனே கூப்பிட்டுவிடு, இந்தக் கடிதத்துக்குப் பதில் யோசிப்பதற்கு முன்னால் அதைச் செய். ஷெட்டில் எல்லோர் முன்னிலையிலும் தப்பு அவள் மேல் இல்லை, என் அப்பா மேல் என்று சொல், அப்படியே சொல், எனக்காகப் பார்க்காதே. அடுத்த வாரம் கேரளா எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், உன் வீட்டில் தங்கவும் கேட்கவில்லை, லாட்ஜில் இறங்கிக்கொள்கிறேன். சூலூரில் வீராயி வீடு எந்தத் தெரு என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி வை. அம்மா கூட வரவில்லை, தனியாகப் பண்ணினதைத் தனியாகப் போய்ச் சொல்லுங்கோ என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தாள். வீராயி கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்க்கிறேன், வயசான காலத்தில் ஒரு வாக்கியம் ஒழுங்காக வரவில்லை.

டாக்டர் சொன்ன இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, ராத்திரி வெகுநேரம் கம்ப்யூட்டரில் கண் விழிக்காதே. உனக்கு எல்லா நலனும் உண்டாகட்டும், உன் கைபட்ட காரியம் விளங்கட்டும், என் ஆசீர்வாதத்துக்கு இப்போது மதிப்பு இருக்கிறதோ இல்லையோ, இருக்கிறதை அனுப்பியிருக்கிறேன். வீராயி திரும்பி வந்ததும் அம்மாவிடம் சொல்ல மறந்துவிடாதே. என்னோடு பேசத் தோன்றும்வரை பேச வேண்டாம். உன் போனுக்குக் காத்திருக்க மாட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
வெங்கட்ராமன்